குறைந்தது இருபது எழுத்துகள்

5 ஜூன் 2023, திங்கள்

காலை 9.40. உறுப்பினர்கள் 641. பதிவுகள் 1,18,340. இதில் வெறும் எண் மட்டும் உள்ளவை 61,218.

பாதிக்கு மேல் எண்கள். "52.4." "67." "49.9." வணக்கம் கிடையாது, விளக்கம் கிடையாது. ஆறு வருடமாக ஒரே திரியில், அதாவது ஒரே தலைப்பின் கீழ், குவித்து வைத்திருக்கிறார்கள். இதற்கு இணைய மன்றம் என்று பெயர்.

ஒரு தளத்தை இடம் மாற்றும்போது என்ன செய்தோம், எப்போது செய்தோம் என்று எழுதி வைக்காதவன் பிறகு தலையில் அடித்துக்கொள்வான். அதனால்தான் இந்த நோட்டு. மனசைக் கொட்டுவதற்கு இல்லை.

விவரம்: சல்லடை மன்றம். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்காக என் அக்கா தேன்மொழி 2017இல் தொடங்கியது. அவளுக்கே அந்த வருடம்தான் டயாலிசிஸ் ஆரம்பித்தது. மன்றம் ஓடுகிற மென்பொருளைச் செய்தவர்களே அதைக் கைவிட்டு நாலு வருடம் ஆகிறது. ஜூன் 30க்குப் பிறகு இந்தப் பழசு எங்கள் சர்வரில் ஓடாது என்று சர்வர் நிறுவனம் கடிதம் அனுப்பிவிட்டது. அதற்குள் புது மென்பொருள் தேர்ந்தெடுத்து எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் ஆறு வருடமும் போச்சு.

தேர்வில் மூன்று இருக்கின்றன. பெயர் எதற்கு, அ, ஆ, இ.

அ: வேகம். ஆனால் தமிழில் தேடினால் ஒன்றும் கிடைக்காது.
ஆ: தமிழ் நன்றாக வருகிறது. குப்பைப் பதிவுகளைத் தானே வடிகட்டும். 
இ: பழையதைப் போலவே இருக்கும். அதுவே போதும், வேண்டாம் என்று சொல்ல.

6 ஜூன், செவ்வாய்

அக்காவுக்கு செவ்வாய், வியாழன், சனி. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் சென்டரில் ஏழு மணிக்கு இறக்கிவிட்டேன்.

"உள்ள வாயேன்டா. ஏசி இருக்கு."

"வேலை இருக்கு."

எதிர் டீக்கடையில் லேப்டாப்போடு நாலு மணி நேரம். வெயில் மண்டையைப் பிளந்தது. அ-வை ஒதுக்கிவிட்டேன்.

மதுரை ஆஸ்பத்திரி நம்பர் இரண்டு முறை வந்தது. வேலை நடுவில் எடுக்க முடியாது.

7 ஜூன், புதன்

641 பேரில் மின்னஞ்சல் முகவரி சரியாக இருப்பது 212 பேருக்கு. மீதிப் பேர் இஷ்டத்துக்கு எதையோ அடித்து உள்ளே வந்திருக்கிறார்கள். ஒருவர் தன் முகவரியாகக் கடையின் பெயர்ப்பலகையை அப்படியே அடித்திருக்கிறார். பழைய மென்பொருள் அதையும் வாங்கிக்கொண்டிருக்கிறது.

8 ஜூன், வியாழன்

காலையில் அம்மா இட்லித் தட்டோடு வந்து நின்றாள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து எனக்குக் கூப்புடுறாங்கடா. நீ எடுக்க மாட்டேங்கிறியாம்."

"மன்றத்த மாத்துற வேலை இருக்கும்மா. முடியட்டும்."

"ஆறு குழாய் ரத்தம் எடுப்பாங்களாம். ஒன் கிட்னி அவளுக்குப் பொருந்துதான்னு பாக்க. அவ்வளவுதானாம். எனக்கு சுகர் இல்லாட்டி நானே குடுத்திருப்பேன், ஒன்ன ஏன் கெஞ்சுறேன்."

"இப்ப நான் மன்ற வேலை பாக்கவா, வேண்டாமா?"

போய்விட்டாள். சட்னி வைக்கவில்லை.

9 ஜூன், வெள்ளி

சென்னியப்பன் என்பவர் போன் செய்தார். நாமக்கல்லில் லாரி எடை மேடை வைத்திருக்கிறார். இந்த எண் பழக்கத்தை ஆரம்பித்ததே அவர்தானாம். தொழில் புத்தி.

"தம்பிங்களா? புதுசுல நம்பர் போட எடம் இருக்குமுங்களா?"

"ஐயா, ஒரு மன்றத்துல ஏன் தினமும் எடையைப் போடுறீங்க? நோட்டுல எழுதிக்கலாமே."

"நோட்டுல எழுதுனா நான் மட்டுந்தான பாப்பேன். எங்களுக்கு ஒண்ணுக்கு போகாதுங்க. குடிக்கிற தண்ணி பூரா ஒடம்புக்குள்ளயே நிக்கும். மிஷினுக்குப் போற வரைக்கும் எடை ஏறும். நேத்து அம்பதுன்னு போட்டவரு இன்னைக்கு அம்பத்திரண்டுன்னு போட்டாருன்னு வைங்க, யாராச்சும் ஒருத்தர் போன் போட்டுருவோம். எங்க லாரி மாதிரிதானுங்க. லோடு ஏறிப்போச்சுன்னா வண்டிய நிறுத்தோணும்."

"வாட்ஸ்அப்ல போடலாமே."

"அங்க ரோசாப்பூப் படத்துக்கும் பழனி முருகனுக்கும் நடுவுல என் நம்பர எங்க தேடறதுங்க?"

இருபது நிமிடம். என் மதிய சாப்பாடு போச்சு.

11 ஜூன், ஞாயிறு

முடிவு: ஆ.

அக்கா ஓட்டெடுப்பு வைத்திருந்தாள். 58 பேர் ஓட்டுப் போட்டார்கள். 51 பேர் "பழையதே இருக்கட்டும்" என்றார்கள். பழையது இருக்காது என்பதற்காகத்தானே ஓட்டெடுப்பு.

ஆ-வில் ஒரு நல்ல வசதி. இருபது எழுத்துக்குக் குறைவான பதிவைச் சந்தேகப்பட்டு நிறுத்தி வைக்கும். நிர்வாகி பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் வெளியே வரும். விளம்பரக்காரன்களை விரட்ட இதைவிடச் சுலபமான வழி கிடையாது. அந்த எல்லையை நான் அப்படியே விட்டுவிட்டேன். எண் போடுகிறவர்கள் ஒரு வாக்கியம் சேர்த்து எழுதட்டும். படித்தவர்கள்தானே.

எண் திரியை இறக்குமதி செய்யவில்லை. 61,218 துண்டுப் பதிவுகளை உருமாற்ற இரண்டு நாள் கூடுதலாகும். புதிதாகக் காலித் திரி ஒன்று தொடங்கிக் கொடுத்தேன்.

அக்காவிடம் சொன்னேன். அவள் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள்.

"அந்தத் திரியத்தான்டா முதல்ல கொண்டு போகணும்."

"அது குப்பைக்கா. மென்பொருளே குப்பைனு சொல்லுது."

"மென்பொருளுக்கு டயாலிசிஸா நடக்குது?"

"ரெண்டு நாள் அதிகமாகும். நீ வந்து பண்றியா?"

அடுத்த கொத்தை எடுத்து உருவினாள். அவள் இப்படித் தன் வேலையைப் பார்த்தால் நான் ஜெயித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. சின்ன வயதிலிருந்தே இது ஒரு தந்திரம்.

14 ஜூன், புதன்

57,122 பதிவுகள் போய்ச் சேர்ந்தன. பிழை 0. யாரும் பாராட்டவில்லை.

மாற்றம் முடியும் வரை நிர்வாகி உரிமை எனக்கு மட்டும். இரண்டு பேர் கை வைத்தால் எதை யார் கெடுத்தது என்று தெரியாது. அக்காவின் உரிமையை இரண்டு வாரத்துக்கு எடுத்திருக்கிறேன்.

15 ஜூன், வியாழன்

காலை 6.00. ஆ திறக்கப்பட்டது. வந்தவர்கள் 88.

9.15க்குள் ஒப்புதல் கேட்டு எனக்கு 34 மின்னஞ்சல்கள். என் ஆபீஸ் மீட்டிங் நடுவில் டிங் டிங் என்று. அந்த அறிவிப்பை அணைத்துவிட்டேன். வரிசையில் இருப்பவற்றைச் சனி, ஞாயிறில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

16 ஜூன், வெள்ளி

சென்னியப்பன்.

"தம்பி, நல்லாருக்குதுங்க, எழுத்தெல்லாம் பெருசாத் தெரியுது. ஒரே ஒரு சந்தேகமுங்க."

"சொல்லுங்க."

"நம்பர் திரியில என் நம்பர் மட்டுந்தான் தெரியுது. மத்தவங்க அல்லாரும் எடை பாக்கறதையே உட்டுட்டாங்களா?"

"புதுசுல அப்படித்தான் இருக்கும். நான் பாக்குறேன்."

"பாருங்க. டீச்சரம்மா நம்பர் வேற காணோம். அவிங்க ஒருநாளும் போடாம இருந்ததில்ல."

"பாக்குறேன்னு சொன்னேன்ல."

வைத்துவிட்டேன். ஒரே ஆள் வாராவாரம் போன் செய்தால் இது மன்றமா, என் மாமனார் வீடா?

17 ஜூன், சனி

அக்காவைச் சென்டரில் விட்டேன். "உரிமை எப்ப திருப்பித் தருவ?" என்றாள். "ரெண்டு வாரம்னு சொன்னேன்." டீக்கடை. ஆபீஸ் வேலை பாக்கி இருந்தது. வரிசையைத் தொடவில்லை.

18 ஜூன், ஞாயிறு

தூங்கினேன்.

19 ஜூன், திங்கள்

ரோஸ்லெட் டீச்சர் ஐசியுவில் இருக்கிறார்.

காலை 8.20க்கு அக்காவுக்குப் போன் வந்தது. சென்னியப்பன் சொன்ன டீச்சரம்மா, நாகர்கோவிலில் இருக்கும் ரிட்டயர்டு ஆசிரியை. மகன் துபாயில். தனியாக இருக்கிறார். நேற்றுச் சாயந்திரம் மூச்சு விட முடியாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்து ஆட்டோவில் தூக்கிப் போயிருக்கிறார். நுரையீரலில் தண்ணீர். அவருக்கு வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் மிஷின் கிடையாது. நீளமான இடைவெளி.

அக்கா போனை வைத்துவிட்டு என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "அவங்க நம்பர் போடலையாடா?"

நான் வரிசையைத் திறந்தேன். காத்திருக்கும் பதிவுகள் 163. எல்லாம் எண்கள்.

20 ஜூன், செவ்வாய்

டீச்சரின் பதிவுகள், வரிசையில் இருந்தபடி:

வியாழன் 6.12 – 49.7
வெள்ளி 6.05 – 50.6, மதியம் 1.40 – 48.5
சனி 6.10 – 49.8
ஞாயிறு 6.08 – 51.9
ஞாயிறு 6.31 – 51.9
ஞாயிறு 11.02 – 52.6

வெள்ளி மதியம் மிஷினிலிருந்து இறங்கிய பிறகு இரண்டு நாளில் நாலு கிலோ. நாலு நாளாகப் போட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று முறை. அந்தப் பெண்மணி கத்தியிருக்கிறார். அவர் கத்துகிற விதம் அதுதான். நான் அதை வடிகட்டியிருக்கிறேன்.

இன்னொன்றையும் இன்றுதான் சோதித்துப் பார்த்தேன். நிறுத்தி வைத்த பதிவு எழுதியவர் கண்ணுக்கு மட்டும் வழக்கம்போல் தெரியும். "காத்திருக்கிறது" என்று ஒரு வார்த்தை, வெளிர்சாம்பல் நிறத்தில், எறும்பு அளவுக்கு. அறுபத்தெட்டு வயது கண்ணுக்கு அது தெரியாது. சென்னியப்பனுக்கு அவர் நம்பர் மட்டும் தெரிந்தது அதனால்தான். வெள்ளிக்கிழமையே சொன்னார். மனிதர் ஒரு முழுப் பிழை அறிக்கையைப் போனில் படித்துக் காட்டியிருக்கிறார். நான் மாமனார் ஜோக் எழுதிக்கொண்டிருந்தேன்.

இந்த ஆ-வைச் செய்தவன் எவனோ அவனை

மேலே உள்ள வரியை அடித்துவிட்டேன். அவன் இல்லை. எல்லையை மாற்ற அமைப்பில் இடம் இருந்தது. நான் படித்தேன். விட்டேன்.

21 ஜூன், புதன்

டீச்சர் கண் விழித்துவிட்டார். அக்காவின் போனை ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"தேனு, நான் போட்டேம்மா நம்பரு. யாரும் கூப்பிடல. சரி, எல்லாரும் பாத்துட்டுதானே இருப்பாங்க, பயப்பட ஒண்ணும் இல்ல போலன்னு இருந்துட்டேன்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே ஜன்னலைப் பார்த்தாள்.

"தம்பி பக்கத்துல இருக்கானா? எழுத்து நல்லா பெருசா இருக்குன்னு சொல்லு."

திட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

22 ஜூன், வியாழன்

எண் திரியைப் பழைய சர்வரிலிருந்து கொண்டுவர வேண்டும். புதிதாக வரும் எண்களுக்கு உடனுக்குடன் ஒப்புதல் கொடுக்கிறேன்; இறக்குமதி முடிந்த பிறகுதான் அமைப்பில் கை வைக்க முடியும். எட்டு நாள் இருக்கிறது. இரண்டு நாள் வேலைக்கு அழுதவன் இப்போது விடுப்பு எடுத்திருக்கிறேன்.

எண்ணிக்கை ஒத்துவரவில்லை. திரையில் 61,218. டேட்டாபேஸில் 61,255. 37 அதிகம்.

எனக்கு எண்ணிக்கை ஒத்துவராவிட்டால் சோறு இறங்காது.

23 ஜூன், வெள்ளி

அந்த 37ம் நீக்கப்பட்ட பதிவுகள். பழைய மென்பொருளில் நீக்கினால் அழியாது. திரையிலிருந்து மட்டும் மறையும். யார் நீக்கியது, என்ன காரணம் என்று பக்கத்தில் இரண்டு கட்டம் இருக்கும். நீக்கியது எல்லாமே அக்கா.

வேறு எதையும் படிக்க நேரமில்லை, 37தானே என்று படித்தேன்.

சென்னியப்பன், 2019: "அம்மணி, 51க்கு வந்துட்டீங்க. தம்பிக்கும் உங்களுக்கும் ஒரே குரூப்புன்னு சொன்னீங்களே. டெஸ்ட்டு எடுத்தாச்சுங்களா?"
நீக்கியதன் காரணம்: தம்பிக்குக் கடைசி வருடம். படிக்கட்டும்.

ரோஸ்லெட் டீச்சர், 2020: "உன் தம்பி நம்பர் குடு மக்கா. நான் பேசுதேன்."
காரணம்: ஊரடங்கு. பஸ் இல்லை.

யாரோ சேலத்துக்காரர், 2021: "கூடப் பிறந்தவனே இப்படி இருந்தால் என்ன சொல்ல."
காரணம்: புது வேலையில் சேர்ந்திருக்கிறான்.

இவர்கள் யார் என்னைப் பற்றிப் பேச? 641 பேருக்கு நடுவில் என் பெயர் எதற்கு? நாற்காலியைத் தள்ளிவிட்டு மொட்டை மாடிக்குப் போய் நின்றேன். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து மீதியைப் படித்தேன்.

2022, ஆறு பதிவுகளுக்கும் ஒரே காரணம்: அவனுக்கு ஊசி என்றால் பயம். ஆறாம் வகுப்பில் தடுப்பூசிக்கு மயங்கி விழுந்தவன். அவனே வருவான். யாரும் கேட்க வேண்டாம்.

2023 பிப்ரவரியிலிருந்து ஐந்து பதிவுகள். காரணக் கட்டம் காலி.

காரணம் எழுதாமல் நீக்க விடுகிற மென்பொருள் மோசமான மென்பொருள். அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கியிருக்க வேண்டும்.

24 ஜூன், சனி

அக்காவின் எண்களை மட்டும் பிரித்தெடுத்து வரைபடம் போட்டேன். மிஷினிலிருந்து இறங்கிய பிறகு போட்டவை மட்டும். தண்ணீர் கணக்கில் வராது.

2017: 54.0
2019: 51.2
2021: 47.5
இந்த வாரம்: 43.1

ஒரே சீராக இறங்குகிறது. ஒரு இடத்தில்கூடத் திரும்பி ஏறவில்லை. வீட்டில் இவள் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லும்போது நான் நம்பினேன். இங்கே ஆறு வருடமாகத் தினமும் காலையில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி போட்டிருக்கிறாள். நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பார்க்காமலே குப்பை என்றேன்.

சென்டரில் இன்று உள்ளே போனேன். ஏசி நிஜமாகவே குளிர்கிறது. அக்கா கையில் இரண்டு தடிமனான ஊசி. இரண்டு குழாயிலும் ரத்தம் போய் வந்துகொண்டிருந்தது. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தேன்.

"என்னடா, டீக்கடை லீவா?"

"எண்ணிக்கைல முப்பத்தேழு ஒதைக்குது."

போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அது குப்பை. நான்தான் எடுத்தேன்."

"அதையும் கொண்டு வரணுமா?"

"ஒன் இஷ்டம். நிர்வாகி நீதானே."

"டீச்சர் விஷயத்துக்கு ஏன் என்னைத் திட்டல?"

"திட்டுனா நீ என்ன பண்ணுவ? மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நாலு நாள் பேச மாட்ட. நாலு நாள் வரிசைய யார் பாக்குறது?" பிறகு சொன்னாள்: "சுவத்தையே பாக்காதடா. மயக்கம் வந்தா என் காலப் பாத்து ஒக்காரு. காலுல ஊசி இல்ல."

காலைப் பார்த்தேன். செருப்பு பெரிதாக இருக்கிறது. செருப்பு பழசுதான், கால்தான் சின்னதாகிவிட்டது.

26 ஜூன், திங்கள்

காலை 7.05. எண் திரி முழுவதும் வந்து சேர்ந்தது. 61,255. நேற்று முழுக்க ஒத்துப் பார்த்தேன். பிழை 0. நீக்கப்பட்ட 37ம் நீக்கப்பட்டவையாகவே, காரணங்களோடு. காலிக் கட்டங்கள் காலியாகவே.

இனி செய்ய வேண்டியவை:

1. வரிசையில் தேங்கிய எல்லா எண்களையும் அவரவர் போட்ட தேதி, நேரத்தோடு திரியில் சேர்ப்பது. டீச்சரின் ஞாயிற்றுக்கிழமையும் அதில் இருக்க வேண்டும். மூன்று முறையும்.

2. குறைந்தபட்ச எழுத்து: 20 இல்லை, 1.

3. அக்காவின் உரிமையை இன்றே திருப்பிக் கொடுப்பது.

4. ஒரே நாளில் எடை இரண்டு கிலோ ஏறினால் அந்த எண் சிவப்பாக மாற வேண்டும். சென்னியப்பன் போனுக்கும் என் போனுக்கும் உடனே தகவல் வர வேண்டும். சென்னியப்பனுக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டு செய்வது. வெள்ளிக்கிழமை அவர் சொன்னது சரி என்று முதலில் சொல்வது.

5. ரோஸ்லெட் டீச்சரிடம் பேசுவது. எழுத்து பெரிதாக இருப்பதைப் பற்றி அல்ல.

6. மதுரை ஆஸ்பத்திரி நம்பரைப் பெயர் போட்டுப் பதிந்துகொள்வது. பிறகு கூப்பிட்டுப் புதன்கிழமைக்கு நேரம் கேட்பது.

7. புதன், காலை 7 மணி, வெறும் வயிறு, ஆறு குழாய். அக்காவைக் கூட வரச் சொல்வது. அவள் காலைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்வேன்.

8. இப்போதே எடை பார்த்துவிட்டேன். எண் திரியில், என் பெயரில் முதல் பதிவு. 74.6. வேறு ஒரு எழுத்தும் சேர்க்காமல்.